கதாநாயகர்கள் மூச்சு விடும் விதம்

சென்ற மாதம் ஒரு நாள் பிற்பகல், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஜூல்ஸ் வெர்னின் சந்திர யாத்திரைக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தோம். பீரங்கி வெடித்தாயிற்று. மூன்று மனிதர்களையும் இரண்டு நாய்களையும் சில கோழிகளையும் வயிற்றில் அடக்கிக்கொண்டு, அலுமினியத்தாலான பெரிய குண்டு ஒன்று ஆகாயத்தில் பாய்ந்து போய்க்கொண்டிருக்கிறது. வகுப்பு முழுவதும் வாயைப் பிளந்துகொண்டு கேட்டது என்று எழுதினால் அது பொய். பாதி வகுப்பு கேட்டது. மறு பாதி சாப்பாட்டு மயக்கத்தில் இருந்தது. அப்போது கடைசி வரிசையிலிருந்து ஒரு பையன் எழுந்தான்.

"ஸார், குண்டை எல்லாப் பக்கமும் மூடிட்டாங்களே, உள்ளே இருக்கிறவங்க எப்படி ஸார் மூச்சு விடுவாங்க?"

நாம் சொன்ன பதில் இதுதான்: "கதைதானே, உட்கார்." பையன் உட்கார்ந்துவிட்டான். மணியும் அடித்துவிட்டது.

வீட்டுக்கு வந்து மூலக் கதையின் ஆங்கில மொழிபெயர்ப்பை அலமாரியிலிருந்து எடுத்துப் புரட்டியபோது நமக்கு வெட்கமாகப் போயிற்று. அந்தப் பையன் கேட்ட கேள்வியை வெர்ன் தமக்குத் தாமே கேட்டுக்கொண்டு, ரஸாயன சாஸ்திரத்தைத் துணைக்கு அழைத்து, ராத்தல் கணக்கில் பதிலும் எழுதி வைத்திருக்கிறார். "கதைதானே" என்ற நமது வார்த்தை பையனுக்கும் அநீதி, ஆசிரியருக்கும் அநீதி. அந்தக் கடனைத் தீர்க்கும் முயற்சியே இக்கட்டுரை.

நம்முடைய பழைய கதைகளில் இந்தச் சங்கடம் இல்லை. பதினெட்டாம் நாள் யுத்தத்தில் சேனையெல்லாம் அழிந்த பிறகு, துரியோதனன் ஒரு மடுவில் புகுந்து, மாயையால் தண்ணீரைக் கட்டி நிறுத்தி, அதன் அடியில் ஒளிந்துகொண்டான் என்று பாரதம் சொல்கிறது. நாம் சிறு பிராயத்தில் பாட்டியிடம் அவன் எப்படி மூச்சு விட்டான் என்று கேட்டதுண்டு. "ஜலஸ்தம்பனம் தெரிந்தவனுக்கு மூக்கு எதற்கடா?" என்று பாட்டி ஒரே போடாகப் போட்டுவிட்டாள். அது நியாயமான பதில்தான். மந்திரம் என்று சொன்ன பிறகு கணக்குக் கேட்பது மரியாதை அல்ல. ஆனால் ஓர் ஆசிரியர் மந்திரத்தை விட்டுவிட்டு யந்திரத்தைக் கையில் எடுத்தால், அப்புறம் கணக்குக் காட்டியே ஆக வேண்டும்.

இப்படிக் கணக்குக் காட்ட முன்வந்தவர்களில் முந்தியவர் என்று அமெரிக்க ஆசிரியர் எட்கார் ஆலன் போவைச் சொல்லலாம். 1835-ல் அவர் எழுதிய ஹான்ஸ் ப்ஃபால் என்பவனின் கதையில், கடன்காரர்களின் தொல்லை பொறுக்க முடியாமல் ஒரு டச்சுக்காரன் பலூனில் ஏறிச் சந்திரனுக்கே புறப்பட்டுவிடுகிறான். (கடன்காரர்களிடமிருந்து தப்ப இதைவிடச் சுலபமான வழி இன்றுவரை அகப்படவில்லை.) பூமிக்கும் சந்திரனுக்கும் இடையில் மெல்லிய காற்று எங்கும் பரவியிருக்கும் என்பது போவின் எண்ணம். அது தவறு. ஆனால் அந்தத் தவற்றை ஒப்புக்கொண்டு மேலே படித்தால், மற்றவை யாவும் ஒழுங்காகவே இருக்கின்றன. மெல்லிய காற்றைப் பிடித்து அடர்த்தியாக்கும் யந்திரம் ஒன்றை அவன் கொண்டுபோகிறான். கூடையைச் சுற்றிக் காற்றுப் புகாத பை ஒன்றைக் கட்டிக்கொள்கிறான். உள்ளே இருக்கும் காற்று கெட்டுவிடுமாதலால் மணிக்கொரு முறை அதைப் புதுப்பிக்க வேண்டும். தூங்கிப் போனால் என்ன செய்வது? அறுபது நிமிஷத்தில் நிரம்பி வழியும்படி ஒரு பாத்திரத்தைத் தலைக்குமேல் அமைத்து, அந்தத் தண்ணீர் முகத்தில் விழுந்து தன்னை எழுப்பும்படி ஏற்பாடு செய்துகொள்கிறான்!

அக்கதையில் இன்னொரு ரஸமான இடம். அவன் கூட்டிச் சென்ற பூனை நடுவானத்தில் குட்டி போடுகிறது. தாய்ப் பூனை மெல்லிய காற்றில் தவிக்கிறது; குட்டிகளோ யாதொரு கஷ்டமும் இல்லாமல் விளையாடுகின்றன. அந்த உயரத்திலேயே பிறந்த ஜீவனுக்கு அந்தக் காற்றே போதும் போலும் என்று ப்ஃபால் நினைக்கிறான். ஒரு தலைமுறையில் இப்படி நடக்காது என்பது உண்மை. ஆனால் பல ஆயிரம் வருஷங்களில் நடக்கும். திபெத்திய பீடபூமியில் வாழும் மக்களின் உடலில், குறைந்த பிராணவாயுவைச் சமாளிக்கும்படி ஒரு குறிப்பிட்ட மரபணு மாறி அமைந்திருப்பதை 2010-ல் விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். போ வேடிக்கையாக எழுதிய பூனைக்குட்டியின் பின்னால் அவ்வளவு பெரிய விஷயம் ஒளிந்திருந்தது.

இனி நமது பையன் கேட்ட குண்டுக்கு வருவோம். பூமியிலிருந்து சந்திரனுக்குப் புறப்படும் கதை 1865-லும், சந்திரனைச் சுற்றி வரும் அதன் தொடர்ச்சி 1870-லும் புஸ்தகமாக வந்தன. குண்டுக்குள் காற்றைக் காப்பாற்ற இரண்டு காரியங்கள் செய்ய வேண்டும் என்று வெர்ன் தெளிவாக அறிந்திருந்தார். செலவாகும் பிராணவாயுவை ஈடு செய்ய வேண்டும். வெளிவிடும் கரியமிலவாயுவை அகற்ற வேண்டும். முதற் காரியத்துக்குப் பொட்டாசியம் குளோரேட் என்னும் உப்பை நானூறு டிகிரிக்கு மேல் காய்ச்சுகிறார்கள். அது பிராணவாயுவைக் கக்குகிறது. இரண்டாவதற்குக் காஸ்டிக் பொட்டாஷ் வைத்திருக்கிறார்கள். அது கரியமிலவாயுவை உறிஞ்சிக்கொள்கிறது. ஒரு நாளைக்கு 18 ராத்தல் உப்பு, அதிலிருந்து 7 ராத்தல் பிராணவாயு என்று கதையில் கணக்கு. நாம் காகிதமும் பென்ஸிலும் எடுத்துப் போட்டுப் பார்த்தோம். அந்த உப்பின் எடையில் நூற்றுக்கு 39 பங்கு பிராணவாயு. ஆகவே 18-க்கு 7 சரிதான். சராசரி மனிதனுக்கு நாள் ஒன்றுக்குச் சுமார் 840 கிராம் பிராணவாயு வேண்டும். மூன்று பேருக்குப் போக நாய்க்கும் கோழிக்கும் மிச்சமிருக்கிறது!

அதோடு நிற்கவில்லை. புறப்படுவதற்கு முன் ஒரு பரீக்ஷை நடத்த வேண்டாமா? யாத்திரையில் இடம் கிடைக்காத மாஸ்டன் என்ற நண்பர், அந்தப் பரீக்ஷைக்காவது தம்மை அனுமதிக்கும்படி கெஞ்சி, குண்டுக்குள் புகுந்து எட்டு நாள் அடைபட்டுக் கிடக்கிறார். கதவைத் திறந்தபோது மனிதர் உயிரோடு இருக்கிறார் என்பது மட்டுமல்ல, பருத்தும் போயிருக்கிறார்.

வெர்ன் சறுக்கிய இடங்களும் உண்டு. புறப்பட்ட அதிர்ச்சியில் அடிபட்டு ஸாடலைட் என்ற நாய் இறந்துபோகிறது. அதன் உடலை வெளியே எறிவதற்காக ஜன்னலை ஒரு கணம் திறந்து மூடுகிறார்கள். கொஞ்சம் காற்றுத்தான் போயிற்றாம். காற்றே இல்லாத வெளியில் அந்த ஜன்னலைத் திறந்தால், நாயோடு மற்றதும் புறப்பட்டுப் போயிருக்கும். இன்னோரிடத்தில் பிராணவாயுக் குழாயை மிஷேல் ஆர்டான் கவனக் குறைவாக முழுதும் திறந்துவிட, மூவரும் கள் குடித்தவர்களைப் போல் கூத்தாடுகிறார்கள். இந்தக் கற்பனையில் வெர்னுக்குத் தனிப் பிரியம் போலும். 1872-ல் டாக்டர் ஆக்ஸ் என்பவர் ஓர் ஊர் முழுவதற்கும் பிராணவாயுவைப் புகட்டி, சாதுக்களான ஜனங்களைச் சண்டைக்காரர்களாக்குவதாக இன்னொரு கதையும் எழுதினார். உண்மையில் பிராணவாயு போதை தருவதில்லை. அதன் அபாயம் வேறு. அது நெருப்புக்கு உறவு. 1967 ஜனவரியில், அமெரிக்காவின் அப்பல்லோ விண்கலம் ஒன்று பூமியிலேயே பரிசோதிக்கப்பட்டபோது, உள்ளே நிரப்பியிருந்த சுத்தப் பிராணவாயுவில் தீப் பற்றி, கிரிஸ்ஸம், ஒயிட், சாஃபி என்ற மூன்று வீரர்கள் இறந்தார்கள். வெர்னுடைய குண்டுக்குள் காஸ் விளக்கே எரிந்துகொண்டிருக்கிறது! குழாய் திறந்திருந்த அந்த நேரத்தில் அவர்கள் கூத்தாட மட்டும் செய்தது கதாசிரியரின் கருணை.

கடலுக்கடியில் இருபதாயிரம் காதம் போகும் கதையில் வெர்னின் கை இன்னும் தேர்ந்திருக்கிறது. நாட்டிலஸ் என்ற நீர்மூழ்கிக் கப்பலில் எவ்வளவு காற்று இருக்கிறது என்று புரொபஸர் அரோனாக்ஸ் கணக்குப் போடுகிறார். ஒரு மனிதனுக்கு ஒரு மணிக்கு நூறு லிட்டர் காற்று. ஒரு நாளைக்கு 2400 லிட்டர். கப்பலில் 15 லட்சம் லிட்டர். ஆகவே 625 பேருக்கு ஒரு நாள் போதும். வகுப்பில் போடும் கணக்கைப் போல் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த இடத்தில் வாசகர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மூடிய அறையில் மனிதனைக் கொல்வது பிராணவாயுக் குறைவு மட்டுமல்ல. அவன் தானே வெளியிட்ட கரியமிலவாயு பெரும்பாலும் முந்திக்கொண்டுவிடுகிறது. புரொபஸர் கொடுத்த பங்கின்படி ஒரு மனிதனை அடைத்து வைத்தால், எட்டு மணி நேரத்துக்குள் காற்றில் நூற்றுக்கு நாலு பங்கு கரியமிலவாயு சேர்ந்துவிடும். தலை வெடித்துவிடும் போல் வலிக்கும். ஓடி வந்தவனைப் போல் இரைக்கும். நாள் முடியும் மட்டும் அவன் இருக்கமாட்டான். கணக்குப்படி பிராணவாயு என்னவோ மிச்சமிருக்கும்!

வெர்ன் இதை அறியாதவர் அல்லர். தென் துருவத்திலிருந்து திரும்புகையில் கப்பல் பனிக்கட்டிக்குள் சிக்கிக்கொள்ளும் அத்தியாயமே அதற்குச் சாக்ஷி. கீழே பத்து மீட்டர் கனத்துக்குப் பனி. மனிதர்கள் முறை வைத்துக்கொண்டு கோடரியால் வெட்டுகிறார்கள். கப்பலுக்குள் காற்று கெட்டுக்கொண்டே வருகிறது. காஸ்டிக் பொட்டாஷ் இருந்தால் கரியமிலவாயுவைப் போக்கலாம். ஆனால் கப்பலில் அது இல்லை என்று புரொபஸர் வருந்துகிறார். கடைசியில் அவர் நினைவு தப்பிப் போகும் தருணத்தில், வேலைக்காரன் கோன்ஸேயும் திமிங்கில வேட்டைக்காரன் நெட் லாண்டும் ஒரு சுவாசக் கருவியின் அடியில் மீந்திருந்த கொஞ்சக் காற்றைத் தாங்கள் எடுத்துக்கொள்ளாமல் அவருக்குக் கொடுக்கிறார்கள். நாம் அந்தப் பக்கத்தைப் பல முறை படித்திருக்கிறோம். ஒவ்வொரு முறையும் நம்மை அறியாமல் நாமே ஒரு நீண்ட மூச்சு இழுத்துக்கொள்கிறோம்.

அந்தக் கருவி கற்பனை அல்ல என்பது பலருக்குத் தெரியாது. பிரான்ஸில் ரூக்வெரோல் என்ற சுரங்க இன்ஜினியர், சுரங்கத்தில் விஷக் காற்றில் அகப்பட்டவர்களை மீட்பதற்காக முதலில் அதை அமைத்தார். பிறகு தெனெரூஸ் என்ற கடற்படை அதிகாரி அதைக் கடலுக்குக் கொண்டுவந்தார். நீமோவின் ஆட்கள் அதை முதுகில் மாட்டிக்கொண்டு ஒன்பது பத்து மணி நேரம் கடலடியில் உலாவுகிறார்கள். அதுமட்டும் வெர்ன் தாராளமாகக் கொடுத்த வரம். மனிதன் காற்றை முதுகில் சுமந்துகொண்டு மீனைப் போல் தாராளமாக நீந்தும் காலம் 1943-ல் கூஸ்தோவும் கான்யானும் தங்கள் கருவியை அமைத்த பிறகே வந்தது.

வெர்ன் எழுதி நூறு வருஷம் கழித்து, காஸ்டிக் பொட்டாஷ் இல்லாத அந்த நாட்டிலஸின் கதை வேறோர் இடத்தில் நடந்தது. 1970 ஏப்ரலில் அப்பல்லோ-13 சந்திரனை நோக்கிப் போகையில் பிராணவாயுத் தொட்டி ஒன்று வெடித்துவிட, மூன்று பேர் இரண்டு பேருக்கென்று அமைந்த சிறு கலத்தில் ஒண்டிக்கொள்ள நேர்ந்தது. அங்கேயும் பிராணவாயு போதுமானதாக இருந்தது. கரியமிலவாயுதான் ஏறிக்கொண்டே வந்தது. அதை உறிஞ்சும் லிதியம் ஹைட்ராக்ஸைடு டப்பாக்கள் தாய்க் கலத்தில் வேண்டியமட்டும் இருந்தன. ஆனால் அவை சதுரம், சிறு கலத்தின் துவாரமோ வட்டம். பூமியிலிருந்த இன்ஜினியர்கள் பிளாஸ்டிக் பை, அட்டை, ஒட்டும் நாடா ஆகியவற்றைக் கொண்டு சதுரத்தை வட்டத்தோடு இணைக்கும் வழியைக் கண்டுபிடித்து ரேடியோவில் சொல்லிக் கொடுத்தார்கள். மூவரும் பிழைத்தார்கள். இப்படி ஒரு நாவலாசிரியர் எழுதியிருந்தால், பத்திரிகாசிரியர் நம்பத் தகாததென்று திருப்பி அனுப்பியிருப்பார்.

எச். ஜி. வெல்ஸ் 1901-ல் எழுதிய சந்திரக் கதையில் ரஸாயனம் அதிகம் இல்லை. சந்திரனில் இரவில் காற்று உறைந்து பனியாகக் கிடக்கிறது, சூரியன் உதித்ததும் உருகி எழுகிறது என்று ஒரே வாக்கியத்தில் காரியத்தை முடித்துக்கொள்கிறார். ஆனால் கதவைத் திறந்து இறங்குமுன் கேவர் என்ற விஞ்ஞானி ஒன்று செய்கிறார். ஒரு காகிதச் சுருளைக் கொளுத்தி வெளியே போடுகிறார். அது பனியில் விழுகிறது. சுடர் மறைகிறது, அணைந்துவிட்டதென்று நினைக்கிறோம். பிறகு ஓரத்தில் ஒரு நீல நாக்கு நடுங்கித் தலை காட்டி, மெல்லப் படர்கிறது. வெளியே காற்று இருக்கிறது!

இந்தப் பக்கத்தைக் காலேஜில் முதன்முதலாகப் படித்தபோது நமக்கு வெல்ஸ் நினைவு வரவில்லை. எங்கள் தெருவில் கிணறு தூர் வார வரும் ஒரு பெரியவரின் நினைவுதான் வந்தது. பாழ்பட்டுக் கிடந்த ஓர் உறைகிணற்றைத் தூர் வார அவரை அழைத்திருந்தார்கள். அவர் இறங்குமுன் அரிக்கேன் விளக்கை ஏற்றித் தாம்புக் கயிற்றில் கட்டி உள்ளே விட்டார். பாதிக் கிணற்றில் விளக்கு அணைந்துவிட்டது. மேலே இழுத்தார். கிணற்றுக்குச் சொந்தக்காரருக்கு அவசரம். "எண்ணெய் இருந்திருக்காது, இறங்கு" என்றார். பெரியவர் விளக்கை ஆட்டிக் காட்டினார், எண்ணெய் தளும்பிற்று. மறுபடி ஏற்றி விட்டார். மறுபடி அதே இடத்தில் அணைந்தது. "இன்னிக்கு இறங்க முடியாதுங்க ஐயா" என்று சொல்லிவிட்டு, வேப்பந்தழையைக் கட்டிக் கிணற்றில் விட்டு மேலும் கீழுமாக இழுக்கத் தொடங்கினார். சொந்தக்காரர் கூலி கிடையாது என்று கத்திவிட்டுப் போய்விட்டார்.

வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த நம்மைப் பார்த்துப் பெரியவர் சொன்னார்: "என் தம்பி பாடிக்கிட்டே எறங்கினான், தம்பி. பாட்டு நடுவுல நின்னுபோச்சு. ஐயோன்னுகூடச் சொல்லலை."

அவர் சொன்னதன் முழு அர்த்தம் வெகு நாள் கழித்தே நமக்கு விளங்கிற்று. கதைகளில் காற்று குறையும்போது கதாநாயகன் தொண்டையைப் பிடித்துக்கொள்கிறான், திணறுகிறான், கதவைத் தட்டுகிறான். அப்படித் திணற வைப்பது பெரும்பாலும் கரியமிலவாயுவே. கரியமிலவாயு ஏறாமல் பிராணவாயு மட்டும் குறைந்தால் உடம்பு அவ்வளவாக எச்சரிக்கை செய்வதில்லை. 1875 ஏப்ரல் 15-ந் தேதி ஜெனித் என்ற பலூனில் மூன்று பிரெஞ்சுக்காரர்கள் எண்ணாயிரம் மீட்டருக்கு மேல் ஏறினார்கள். பிராணவாயு நிரப்பிய பைகள் தலைக்குமேல் கைக்கெட்டும் தூரத்தில் தொங்கின. கையைத் தூக்கத்தான் முடியவில்லை; தூக்க வேண்டுமென்ற கவலையும் இல்லை. அந்த நேரத்தில் தமக்கு வேதனையே இல்லை, உள்ளூர ஒருவித ஆனந்தம் இருந்தது என்று பிழைத்து வந்த திஸாண்டியே எழுதினார். கண் விழித்தபோது அவருடைய தோழர்கள் ஸிவெல், க்ரோஸே ஸ்பினெல்லி இருவரும் இறந்து கிடந்தார்கள். அவருக்கும் காது கேளாமற் போயிற்று.

பாழ்கிணற்றில் நடப்பதும் இதற்கு உறவுதான். மக்கும் இலையும் சேறும் பிராணவாயுவைத் தின்றுவிடுகின்றன. காற்றைவிடக் கனமான கரியமிலவாயு அடியில் தங்கிவிடுகிறது. மிகுதியாகச் சேர்ந்துவிட்டால் அதுவும் திணறுவதற்குக்கூட அவகாசம் தராமல் சாய்த்துவிடும். விளக்கு மனிதனுக்கு முன்பே அணைவதால் அது நல்ல தூதன். ஆனால் எல்லா இடத்துக்கும் ஏற்ற தூதன் அல்ல. சாக்கடைக் குழியில் சேரும் ஹைட்ரஜன் ஸல்பைடு என்ற விஷ வாயு, விளக்கை அணைக்காமலே மனிதனை அணைத்துவிடும். எரியும் வாயு சேர்ந்திருக்கும் குழியில் விளக்கே எமன். இதற்கெல்லாம் கையடக்கமான கருவிகள் இன்று கடையில் கிடைக்கின்றன. பாதுகாப்புக் கருவிகள் இன்றி மனிதரைச் சாக்கடையில் இறக்குவதைப் பார்லிமெண்டு 2013-ம் வருஷச் சட்டத்தால் தடுத்தது. அப்படி இறந்தவர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் நஷ்ட ஈடு தரவேண்டுமென்று 2023 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது. அதற்குப் பிறகும் பத்திரிகைகளில் அந்தச் செய்தி நின்றபாடில்லை. வெர்ன் தமது கற்பனை மனிதர்களுக்கு 18 ராத்தல் உப்பை எண்ணி வைத்தார். வெல்ஸ் ஒரு காகிதச் சுருளையாவது கொளுத்தினார். இல்லாத மனிதர்களுக்கு எடுத்துக்கொண்ட இந்தச் சிரத்தையை, இருக்கிற மனிதனைக் குழிக்குள் இறக்குகிற கான்டிராக்டர் எடுத்துக்கொள்வதில்லை.

காற்றைக் கொண்டுபோவதற்குப் பதில், மனிதனையே மாற்றிவிட்டால் என்ன என்று யோசித்தவர் ருஷ்ய ஆசிரியர் அலெக்ஸாண்டர் பெல்யாயெவ். 1928-ல் அவர் எழுதிய கதையில், ஸால்வடோர் என்ற டாக்டர் நுரையீரல் கெட்டுப்போன ஒரு குழந்தைக்குச் சுறாவின் செவுள்களைப் பொருத்திப் பிழைக்க வைக்கிறார். இக்தியாண்டர் என்ற பெயரோடு வளர்ந்த அந்த வாலிபன் கடலிலும் கரையிலும் மாறி மாறி வாழ வேண்டும். ஓரிடத்திலேயே தங்கிவிட்டால் கேடு. கரையில் இருக்கும் பெண்ணிடம் மனம் வைத்தவனை, கடைசியில் மனிதர்களின் பேராசை கடலுக்கே துரத்திவிடுகிறது. மிகவும் உருக்கமான கதை. நம் கையிலோ பென்ஸில் இருக்கிறது. சும்மா இருக்க முடியவில்லை.

ஒரு லிட்டர் காற்றில் சுமார் 210 மில்லி லிட்டர் பிராணவாயு உண்டு. வெதுவெதுப்பான கடல் நீர் ஒரு லிட்டரில் ஐந்து மில்லி லிட்டர்தான். சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதனுக்கு நிமிஷத்துக்கு 250 மில்லி லிட்டர் வேண்டும். ஆகவே தண்ணீரில் உள்ளதைத் துளிவிடாமல் பிழிந்தாலும், நிமிஷத்துக்கு 50 லிட்டர், அதாவது நாலு குடம் தண்ணீர் செவுளின் வழியே ஓட வேண்டும். நீந்தத் தொடங்கினால் இன்னும் பல மடங்கு. அதைவிடப் பெரிய கஷ்டம், அவ்வளவு தண்ணீரும் மெல்லிய தோலுக்கு அப்பால் ஓடும் இரத்தத்தைக் குளிரவைத்துக்கொண்டே இருக்கும். மீன்களில் பெரும்பாலானவை தண்ணீரின் உஷ்ணத்திலேயே வாழ்வதால் அவற்றுக்குக் குறை இல்லை. வெந்த சோறு தின்று வெந்நீரில் குளிக்கும் நம் போன்றவர்கள் சில நிமிஷத்தில் விறைத்துப் போவோம். இன்னொரு வழியும் சோதித்தார்கள். பிராணவாயுவை ஏராளமாகக் கரைத்துக்கொள்ளும் ஒருவகை ஃபுளோரோகார்பன் திரவத்தில் எலிகளை முழுதும் அமிழ்த்தியபோது, அவை அதையே சுவாசித்து உயிரோடு இருந்தன. கிளார்க், கோலன் என்ற இருவர் 1966-ல் இதைச் செய்து காட்டினார்கள். 1989-ல் வந்த ஓர் அமெரிக்கச் சினிமாவில் ஆழ்கடலுக்கு இறங்கும் வீரன் இத்தகைய திரவத்தையே சுவாசிக்கிறான்.

சினிமாக்காரர்களின் வெற்றுவெளிக் காட்சிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கண் பிதுங்குவதும் உடல் வெடிப்பதும் மிகை. 1960-களின் நடுவில் அமெரிக்காவில், காற்றகற்றிய அறையில் ஒருவரின் உடையிலிருந்து குழாய் கழன்றுவிட்டது. பதினான்கு விநாடிக்குள் நினைவு தப்பிற்று. நாக்கின் மேல் எச்சில் கொதித்ததே கடைசி ஞாபகம். உடனே காற்றை உள்ளே விட்டுப் பிழைக்க வைத்தார்கள். அங்கே செய்யக் கூடாத ஒரே காரியம் மூச்சை அடக்கிக்கொள்வது; அடக்கினால் நுரையீரல் கிழியும்.

இவ்வளவையும் குறிப்பு எடுத்துக்கொண்டு அடுத்த வாரம் வகுப்புக்குப் போனோம். முதலில் அந்தப் பையனிடம், அன்று அவன் கேட்டது நல்ல கேள்வியென்றும் நாம் சொன்னது நல்ல பதில் அல்லவென்றும் சொன்னோம். பையன் நெளிந்தான். 18 ராத்தல் கணக்கைப் பலகையில் போட்டோம். நாலு குடம் தண்ணீரைப் பற்றிச் சொன்னபோது தூங்குகிற பாதி வகுப்பும் விழித்துக்கொண்டது. கடைசியாகச் செவ்வாய்க் கிரகத்துக்குப் போனோம். எட்கார் ரைஸ் பர்ரோஸ் 1912-ல் எழுதத் தொடங்கிய கதையில், ஜான் கார்ட்டர் என்ற வீரன் அங்கே உடுத்த துணிகூட இல்லாமல் போய்ச் சேர்ந்து, சௌக்கியமாக மூச்சு விடுகிறான். ஏனென்றால் செவ்வாய் வாசிகள் ஒரு பிரம்மாண்டமான தொழிற்சாலையில் காற்றை உற்பத்தி செய்து கிரகம் முழுவதற்கும் அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். அந்தத் தொழிற்சாலை நின்றுபோவதும், கார்ட்டர் அதன் கதவைத் திறக்க ஓடுவதும் கதையின் உச்சக் கட்டம்.

உண்மையான செவ்வாயில் காற்றழுத்தம் பூமியில் உள்ளதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை; உள்ள காற்றிலும் நூற்றுக்கு 95 பங்கு கரியமிலவாயு. ஆயினும் பர்ரோஸின் தொழிற்சாலைக்கு ஒரு சிறு விதை போட்டாயிற்று. 2021-ல் அங்கே இறங்கிய பெர்ஸிவரன்ஸ் என்ற வண்டியில் மாக்ஸி என்ற பெட்டி ஒன்று இருந்தது. அது செவ்வாயின் கரியமிலவாயுவை இழுத்து, எண்ணூறு டிகிரி அளவுக்குக் காய்ச்சி, மின்சாரத்தால் பிளந்து பிராணவாயு எடுத்தது. 2023 வரையில் பதினாறு முறை ஓடி, மொத்தம் 122 கிராம் உண்டாக்கியது. மனிதனுக்கு மூன்றரை மணி நேரத்துக்குக் காணும். ஒரு சிறிய நாய்க்குப் பத்து மணி நேரம் போதுமென்று அதை அனுப்பியவர்களே சொன்னார்கள்.

இதைச் சொல்லிவிட்டு, வெர்னின் குண்டில் போன ஸாடலைட் இருந்திருந்தால் அதற்கும் பத்து மணி நேரம் தாங்கியிருக்கும் என்று பலகையில் எழுதினோம். கடைசி வரிசைப் பையன் எழுந்தான். அவன் இதற்குள் நூல் நிலையத்தில் புஸ்தகத்தை எடுத்துப் படித்துவிட்டான் போலிருக்கிறது.

"ஸார், அது நியூபவுண்ட்லாந்து ஜாதி நாய் ஸார். சின்ன நாய் இல்லை. பத்து மணிக்குத் தாங்காது."

எழுதியதை அழித்தோம். சாக்குக் கட்டியை அவனிடமே கொடுத்தோம்.